கைராசிக்காரி கால் நீட்டிப் படுத்த கதை

தள்ளிப் படுடி கண்ணு. இன்னும் கொஞ்சம். பெரியம்மாவும் முதுகைச் சாய்க்க வேண்டாமா? ஸ்ஸ்... அப்பாடா! காலையில இருந்து நின்ன கால்லயே நின்னாச்சு. என்னது, கதையா? இன்னைக்குன்னு பாத்தா கேக்கணும்? சரி சரி, மூஞ்சியைத் தூக்காதே, சொல்றேன். ஆனா நீ "ம்" கொட்டணும். "ம்" நின்னுச்சுன்னா கதையும் அங்கனயே நின்னுடும், அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது.

"ம்."

ஒரு ஊர்ல ஒரு நாத்துக்காரி இருந்தா. பேரு செல்லக்கனி. நாத்துன்னா தெரியும்ல? வெதை முளைச்சு, ரெண்டு இலை, நாலு இலை விட்டு, விரல் ஒசரத்துக்கு நிக்குமே, அந்தக் குட்டிச் செடி. அதை வளத்து விக்கிறதுதான் அவ பொழப்பு. தக்காளி நாத்து, கத்திரி நாத்து, மொளகா நாத்து, பூசணி நாத்து, எல்லாம் அவகிட்டதான்.

அந்த ஊரு எப்படின்னு கேளு. மேட்டு ஊரு. சுத்தி மண்ணு நெறத்துல மலை. மரம்னு பேருக்கு நாலு நிக்கும். குளிருன்னா அப்படி இப்படிக் குளிரில்ல. அதுவும் ஈரமே இல்லாத காஞ்ச குளிரு. உதடு பட்டு பட்டுனு வெடிக்கும். தொவைச்ச சேலையைக் கொடியில போட்டா அப்பளம் மாதிரி வெறைச்சுக்கிட்டு நிக்கும். பனி கொட்டும், ஆனா அது உருகித் தண்ணி ஆகறதுக்குள்ள காத்து வந்து ஹூஊஊனு ஊதித் தள்ளிட்டுப் போயிடும். நாத்துக்கு ஒரு குடம் தண்ணி வேணும்னா, கெணத்துல ஒறைஞ்சு கெடக்குற கட்டியை டொக்கு டொக்குனு கல்லால ஒடைச்சுத்தான் மொள்ளணும்.

"அங்க யாரு இருப்பா பெரியம்மா?"

நம்ம சனங்கதான். எந்தக் காலத்துலயோ பஞ்சம்னு மூட்டையைக் கட்டிக்கிட்டு ஏறிப் போனவங்க. ஏறினவங்க எறங்கவே இல்ல. எறங்குறதுக்கும் தெம்பு வேணும்ல. கதைக்கு நடுவுல கேள்வி கேக்காதே, "ம்" மட்டும் கொட்டு.

"ம்."

அந்த ஊர்ல கோடைன்னு ஒண்ணு வரும். வந்து உக்காந்து ஒரு வாய் காப்பி குடிச்சுட்டுக் கெளம்பிடும். அவ்வளவுதான் கோடை. குளிர் போகட்டும், அப்புறம் வெதை போடுவோம்னு இருந்தா, செடி பூக்குறதுக்குள்ள மறுபடியும் பனி வந்துடும். அதனால என்ன பண்ணணும்? மாசி மாசக் குளிர்லயே வீட்டுக்குள்ள அடுப்புப் பக்கத்துல வெதை போட்டு, நாத்தை வளத்து, கோடை வாசல்ல கால் வெச்ச அன்னைக்கே மண்ணுல நட்டுடணும். ஊர்ல எல்லாரும் வளத்துப் பாத்தாங்க. எவனுக்கும் வரல. செல்லக்கனிக்கு மட்டும்தான் வந்துச்சு.

"அவளுக்குக் கைராசி!"ன்னு ஊரே சொல்லும். அதுலயும் மளிகைக்கடை ஆவுடையப்பன் இருக்கானே, அவன் வாய் ஊர் வாயில பாதி. பாக்குற நேரமெல்லாம், "உனக்கென்னம்மா, கைராசிக்காரி! நீ தொட்டா மொளைக்குது. நாங்களும்தான் போட்டோம், ம்ஹூம்!"னு சொல்லுவான். செல்லக்கனி பல்லைக் காட்டிச் சிரிச்சுட்டு வந்துடுவா. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திட்டு, "கைராசியாம் கைராசி! என் கால் வெடிப்பைப் பாத்தானா ஒருத்தனாச்சும்?"னு அடுப்புகிட்ட சொல்லுவா. வேற யாருகிட்ட சொல்ல? அவ புருஷன் மூக்கையா இருந்தவரைக்கும் ரெண்டு பேரும் மாத்தி மாத்தி முழிச்சு அடுப்பைப் பாத்துக்கிட்டாங்க. அவன் போய்ச் சேந்துட்டான். அவன் முழிச்ச முழிப்பையும் சேத்து இவதான் முழிச்சா.

ஏன் முழிக்கணும்னு கேக்க மாட்டியா? கேள்வி கேக்க வேண்டிய எடத்துலதான் கேக்க மாட்டே!

"ஏன் முழிக்கணும்?"

ஆங். அடுப்பு அணைஞ்சா நாத்து செத்துடும். அதான். வறட்டியைத் திணிச்சுக்கிட்டே இருக்கணும். சரி, உள்ளயே பொத்தி வெச்சா போதுமா? போதாது. வெயிலும் காத்தும் படாத நாத்து நூலு மாதிரி நீண்டுக்கிட்டுப் போகும், வெளிய நட்ட அன்னைக்கே பொத்துனு விழுந்துடும். அதனால காலையில நாத்து நிக்கிற எல்லாத் தட்டையும் தூக்கி முத்தத்துல வைக்கணும். சாயங்காலம் குளிர் எறங்கறதுக்குள்ள எல்லாத்தையும் திரும்ப உள்ள தூக்கணும். தட்டு ஒவ்வொண்ணும் மண்ணும் ஈரமுமா என்ன கனம் கனக்கும்! குனி, தூக்கு, நட, வை. குனி, தூக்கு, நட, வை. நடுவுல உள்ளங்கையால எல்லா நாத்துத் தலையையும் ஒரு தடவு தடவி விடணும், அப்பத்தான் தண்டு முறுக்கு ஏறும். இதை எத்தனை நாளைக்குப் பண்றது? மலை துண்டை அவுக்குற வரைக்கும்.

"மலைக்குத் துண்டா?"

இரு, சொல்றேன். அந்த ஊருக்கு நேரா ஒரு மொட்டைமலை. குளிர் வந்தா உச்சியில பனி பிடிச்சுக்கிட்டு, வயக்காட்டுக்குப் போற ஆளு தலையில வெள்ளைத் துண்டு கட்டின மாதிரி நிக்கும். அந்த வெள்ளை பூரா கரைஞ்சா, "மலை துண்டை அவுத்துருச்சு"ன்னு சொல்லுவாங்க. அன்னைக்குத்தான் அங்க நாத்துச் சந்தை. அதுக்கு முன்னாடி யாரும் விக்கவும் கூடாது, நடவும் கூடாது. அது ஊர் வழக்கம். மலை துண்டை வைகாசி பொறந்துதான் அவுக்கும். சில வருசம் அப்பவும் அவுக்காம முறைச்சுக்கிட்டு நிக்கும்.

செல்லக்கனிக்கு இருக்குறது ஒரே ஒரு அறை. ராத்திரியானா தரை பூரா தட்டு. கட்டில் மேல தட்டு. கட்டிலுக்குக் கீழ கெழங்கு மூட்டை. அவளுக்குக் கால் நீட்ட எடமில்ல. அடுப்புக்கும் கத்திரித் தட்டுக்கும் நடுவுல முழங்காலைக் கட்டிக்கிட்டு உக்காந்திருப்பா. கண்ணு சொக்கும். தலை முன்னால விழும். டக்குனு முழிச்சு வறட்டியைத் திணிப்பா. "கடவுளே, எனக்கு வேற ஒண்ணும் வேணாம். இந்த நாத்து சாகாம சந்தைக்குப் போய்ச் சேரணும். அன்னைக்கு நான் காலை நீட்டிப் படுக்கணும்"னு நெனைச்சுக்குவா. அவளுக்கு இருந்த ஆசையே அது ஒண்ணுதான்.

"ம்."

நீ இருக்கியா? சரி.

அப்போ பங்குனி மாசம். ஒரு நா காலையில, குளிர்க் காத்து நின்னு, வெதுவெதுன்னு ஒரு காத்து வந்துச்சு. மேக்கால இருந்து மலையைத் தாண்டி வரும் அந்தக் காத்து. பொல்லாத காத்து. வந்தா தேன் ஒழுகப் பேசும். வந்து ஜன்னலைத் தட்டுச்சு. டொக் டொக். "செல்லக்கனீ... குளிர் போயே போச்சு. நாத்தை வெளிய விட்டுட்டுப் படு. உனக்குத் தூக்கம் வருதுல்ல?"

செல்லக்கனிக்கு உடம்பு பூரா தூக்கம். ஆனா மொட்டைமலையைப் பாத்தா. துண்டு கெட்டியா கட்டியிருந்துச்சு. "போடா பொய்யா"ன்னு சொல்லிட்டு, காலையில தூக்கி வெளிய வெச்சதை எல்லாம் சாயங்காலம் ஒண்ணு விடாம உள்ள தூக்கினா. ஊர்ல எல்லாரும் போர்வையைக் கழட்டிப் போட்டுட்டு வாசல்ல உக்காந்து சிரிச்சுப் பேசிக்கிட்டிருந்தாங்க. ஆவுடையப்பன், "என்ன செல்லக்கனி, இந்த வெயில்ல எதுக்கு உள்ள தூக்குறே?"ன்னு கேட்டான். இவ, "சும்மாதான்"னா. பொழுது சாஞ்சுது. வெதுவெதுக் காத்து போன எடம் தெரியல. வடக்கால இருந்து ஹூஊஊனு ஒண்ணு வந்துச்சு பாரு! வாசல்ல வெச்ச செம்புத் தண்ணி படார்னு ஒறைஞ்சு செம்பே வெடிச்சுப் போச்சு. நாத்து எல்லாம் அடுப்புப் பக்கத்துல சொகமா இருந்துச்சு. அது மொதல் தடவை.

அப்புறம் சித்திரை பொறந்துச்சு.

நம்ம சனங்களுக்கு ஒரு புத்தி உண்டு. சித்திரை பொறந்தா வெயிலும் பொறந்துட்டதா நெனைச்சுக்குவாங்க. மலை ஏறிப் போயும் அந்தப் புத்தி போகல. மாங்கா கெடைக்காத ஊர்ல, வெல்லத்தையும் புளியையும் காஞ்ச மொளகாயையும் போட்டு ஒரு பச்சடி வெச்சு, "வருசப் பொறப்பு! வருசப் பொறப்பு!"ன்னு வீட்டுக்கு வீடு கிண்ணத்தைத் தூக்கிக்கிட்டு நடந்தாங்க. அன்னைக்குன்னு பாத்து அந்தக் காத்து மறுபடியும் வந்துச்சு. டொக் டொக். "செல்லக்கனீ... நல்ல நாளு. நல்ல நாள்ல எங்கயாச்சும் பனி விழுமா? ஒரு நா படு."

இவ மலையைப் பாத்தா. துண்டு அப்படியேதான் இருந்துச்சு. ஓரத்துல மட்டும் கொஞ்சம் அழுக்கா இருந்துச்சு. "போடா"ன்னா. ஆனா அந்தப் "போடா"வுல முன்ன மாதிரி சத்தம் இல்ல. சாயங்காலம் தூக்க ஆரம்பிச்சா. தக்காளியைத் தூக்கினா, கத்திரியைத் தூக்கினா, பூசணியைத் தூக்கினா. மொளகாத் தட்டுல ஒண்ணு மட்டும் பாக்கி. அப்போ அடுத்த வீட்டுச் சொர்ணத்தாய் பச்சடிக் கிண்ணத்தோட வந்து, "அக்கா, ஒரு வாய் தின்னுட்டுத் தூக்கு"ன்னா. இவ வாசப்படியில உக்காந்தா. ஒரு வாய் வெச்சா. இனிப்பா இருந்துச்சு. சொர்ணத்தாய் போனதும், "கண்ணை மூடி ஒரு மூச்சு விட்டுட்டு எழுந்திரிக்கலாம்"னு நெனைச்சு, தலையைக் கதவு நெலையில சாச்சா.

என்ன ஆச்சு?

"தூங்கிட்டா!"

தூங்கிட்டா. குளிர்ல பல்லு கடகடனு அடிச்சப்பத்தான் முழிச்சா. விடிஞ்சு போச்சு. ஐயோன்னு ஓடிப் பாத்தா, அந்தத் தட்டு மொளகா நாத்து பூரா கறுத்து, வெந்த கீரை மாதிரி தொவண்டு கெடக்கு. வருசா வருசம் பேரு வாங்கின மொளகா. இவ சத்தம் போடாம அழுதா. யாரும் பாக்குறதுக்கு முன்னாடி அந்தத் தட்டைத் தூக்கிட்டுப் போய் சாம்பக்குழியில கொட்டி மூடினா. கைராசிக்காரின்னு சொன்ன வாயெல்லாம் நாளைக்கு என்ன சொல்லுமோன்னு பயம் அவளுக்கு. பாரு, கைராசின்னா எரிச்சலும் வருது, அது போயிடுமோன்னு பயமும் வருது. மனுஷ மனசு அப்படித்தான், என்ன பண்றது.

"மத்ததெல்லாம்?"

மத்தது உள்ள இருந்துச்சு. அடுப்புல கொஞ்சம் கங்கு மிச்சம் இருந்துச்சு, அதுல பொழைச்சுக்கிச்சு. ஆனா அன்னையில இருந்து அவளுக்கு அவ மேலயே நம்பிக்கை போயிடுச்சு. கைல தெம்பு இல்ல. தட்டைத் தூக்கும்போது தூக்கிக்கிட்டே கண்ணு மூடுது. ஒரு நா கெணத்தடியில குடத்தை வெச்சுட்டு எதுக்கு வந்தோம்னு மறந்து நின்னா. இன்னொரு நா வறட்டின்னு நெனைச்சு மரக்கரண்டியை அடுப்புல வெச்சா. "அடுத்த தடவை தூங்கினா ஒரு தட்டு போகாதுடி, எல்லாமே போயிடும். ஊரு கோடை பூரா வெறும் கெழங்கைத் தின்னும்"னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டா. மலையைப் பாத்தா, அது துண்டை இன்னும் இறுக்கிக் கட்டினாப்புல நின்னுச்சு.

"ம்... பெரியம்மா, உனக்கும் தூக்கம் வருதா?"

வராம? ஆனா கதையை நடுவுல விட்டுட்டுத் தூங்கினா செல்லக்கனி பாவம் இல்ல? இரு, முடிச்சுடறேன்.

அப்போ மூணாவது தடவையா அந்தக் காத்து வந்துச்சு. இந்தத் தடவை தட்டக்கூட இல்ல. கதவு இடுக்கு வழியா உள்ளயே வந்துடுச்சு. வந்து இவ கழுத்தைச் சுத்திக்கிட்டு, "செல்லக்கனீ... படு. படேன்"னுச்சு.

இவ என்ன சொல்லியிருப்பா? போடான்னா? இல்ல. "சரி, படுக்குறேன்"னு சொன்னா.

சொல்லிட்டு எழுந்து, வெளிய போய், தள்ளுவண்டியைக் கொண்டாந்து வாசல்ல நிறுத்தினா. தக்காளித் தட்டைத் தூக்கி வெச்சா. கத்திரித் தட்டைத் தூக்கி வெச்சா. பூசணி, பாகல், பீர்க்கு, மிச்சம் இருந்த மொளகா எல்லாத்தையும் ஏத்திக்கிட்டு, கடகட கடகடனு சந்தைத் திடலுக்குத் தள்ளிக்கிட்டுப் போனா. போய்க் கூரையில்லாத தன்னோட எடத்துல வண்டியை நிறுத்திட்டு, "நாத்தேய்! நாத்து வாங்கலையோ நாத்து!"ன்னு ஒரு கொரல் விட்டா.

ஊரே திடுதிடுனு ஓடி வந்துச்சு. எல்லாரும் மலையைப் பாக்குறாங்க, இவளைப் பாக்குறாங்க. தச்சர் பெரியநாயகம்னு ஒரு நெட்டை ஆளு, "அம்மா, மலை இன்னும் துண்டை அவுக்கலையே! வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல?"ன்னாரு.

"மலை அவுக்குறப்ப அவுக்கட்டும். நான் இன்னைக்கு விக்கிறேன். வேணும்னா எடுத்துக்கங்க. ஆனா ஒண்ணு. இதை இப்பவே நட்டுடக் கூடாது. பகல்ல வெளிய வைக்கணும். சாயங்காலம் உள்ள தூக்கணும். அடுப்பு அணையக் கூடாது. தெனமும் தலையைத் தடவிக் குடுக்கணும். துண்டு அவுந்தப்புறம்தான் மண்ணுல வைக்கணும். காதுல விழுதா?"

"விழுது விழுது"ன்னாங்க. ஆவுடையப்பன் ரெண்டு கையிலயும் ரெண்டு தட்டைத் தூக்கிக்கிட்டு, "அட, கைராசிக்காரி குடுத்த செடி! இதுக்கு எதுக்கு இத்தனை பத்தியம்? கல்லு மேல வெச்சாலும் காய்க்கும்!"னு சிரிச்சான்.

"கைராசி எல்லாம் ஒண்ணும் கெடையாது ஐயா. தூக்கித் தூக்கி வெச்சதுதான்"னா செல்லக்கனி.

"பாத்தீங்களா, என்ன அடக்கம்!"னு எல்லாரும் சிரிச்சாங்க. அவ வாய்விட்டுச் சொன்ன உண்மையை ஒருத்தர்கூட நம்பல. ஒருத்தர் ஒரு படி கோதுமை குடுத்தாரு, ஒருத்தர் கம்பளி நூல் குடுத்தாரு, சொர்ணத்தாய் ஒரு பானை மோர் குடுத்தா. மத்தியானத்துக்குள்ள வண்டி காலி. வெறும் வண்டியைத் தள்ளும்போது அவளுக்குக் கை லேசா இருந்துச்சு, நெஞ்சு மட்டும் கனத்துச்சு.

வீட்டுக்கு வந்தா. கதவைச் சாத்தினா. தரையைப் பாத்தா. தரை! மாசியில இருந்து படுக்கக் கெடைக்காத தரை. கம்பளியை விரிச்சா. படுத்தா. காலை நீட்டினா. முட்டி ரெண்டும் மடக் மடக்குனு சத்தம் போட்டுச்சு. கால் விரல் எங்கயும் இடிக்கல. "அம்மாடி"ன்னு ஒரு மூச்சு விட்டா.

ஆனா தூக்கம் வரல.

"ஏன்?"

பொழுது சாய ஆரம்பிச்சுச்சு. இவளுக்குக் காது வெளியவே இருந்துச்சு. வெதுவெதுக் காத்து மெல்ல மெல்ல அடங்குச்சு. அது அடங்கினா என்ன வரும்னு உனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். "தூக்கியிருப்பாங்களா? ஆவுடையப்பன் தூக்கியிருப்பானா? கல்லு மேல வெச்சாலும் காய்க்கும்னானே பாவி! போய்ச் சொல்லிட்டு வரலாமா?" எழுந்திரிக்கப் பாத்தா. உடம்பு வரல. ஒரு காலைத் தூக்கினா, அது தொப்புனு விழுந்துச்சு. "என் பிள்ளை மாதிரி வளத்தேனே! எல்லாத்தையும் குடுத்துட்டு இப்படிக் கெடக்குறேனே!"ன்னு அவளுக்குக் கண்ணுல இருந்து தண்ணி காதுக்குள்ள ஓடுச்சு. தொடைக்கக்கூடக் கை வரல.

வடக்கால ஹூஊஊனு ஆரம்பிச்சுச்சு.

அப்போ டொக் டொக்!

"யாரு?"

"அக்கா, நான்தான் சொர்ணம். செடி என்னமோ ஒரு மாதிரி நடுங்குது அக்கா. என்ன பண்ண?"

"உள்ள தூக்கு"ன்னா படுத்த எடத்துல இருந்தே.

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

திடுதிடுனு ஓடுற சத்தம். அப்புறம் கொஞ்ச நேரம். மறுபடியும் டொக் டொக்!

"யாரு?"

"நான்தாம்மா, தச்சர். தட்டை உள்ள கொண்டாந்துட்டேன். வைக்க எடமில்ல. எங்க வைக்கிறது?"

"நீங்க எங்க படுப்பீங்களோ அங்க."

"அப்போ நான் எங்க படுக்குறது?"

தச்சர் வெளிய கொஞ்ச நேரம் நின்னாரு. "ஓ"ன்னாரு. போயிட்டாரு.

"ம்... ம்..."

மூணாவது தடவை, டொக் டொக்னு இல்ல, டம டம டமனு இடிக்கிறான் கதவை. யாருன்னு நெனைக்கிறே? ஆவுடையப்பன்தான். மூச்சு எரைக்குது. "அம்மா! அடுப்பு அணைஞ்சு அணைஞ்சு போகுதும்மா! இப்பத்தான் வெச்ச வறட்டி, அதுக்குள்ள சாம்பலாப் போச்சு!"

"அது அப்படித்தான். கிட்ட உக்காந்து திணிச்சுக்கிட்டே இருக்கணும்."

"எவ்வளவு நேரம்?"

"விடியற வரைக்கும்."

"விடிஞ்சப்புறம்?"

"விடிஞ்சப்புறம் வெளிய தூக்கி வைக்கணும். சாயங்காலம் உள்ள தூக்கணும்."

"எத்தனை நாளைக்கும்மா?"

"மலை துண்டை அவுக்குற வரைக்கும்."

போயிட்டானோன்னு இவ நெனைச்சா. அப்போ கதவுக்கு வெளிய இருந்து ஆவுடையப்பன் கொரல் மெதுவா வந்துச்சு. அந்தப் பெரிய வாய்ல இருந்து அவ்வளவு சின்னதா கொரல் வந்து யாரும் கேட்டதில்ல.

"என் வீட்ல ரெண்டு தட்டுதாம்மா இருக்கு. என் பொஞ்சாதி இருக்கா, ரெண்டு பயலுக இருக்கானுக. அதுக்கே நாக்குத் தள்ளுது. நீ... நீ இந்த ஊர்த் தட்டு பூராத்தையும் ஒத்தை ஆளாவா தூக்கின?"

மூக்கையா செத்ததுக்கு வந்து எல்லாரும் அழுதாங்க. ஆனா இதை ஒருத்தர் கேக்கணும்னு செல்லக்கனி எத்தனை நாளாக் காத்துக் கெடந்தான்னு, கேட்டப்பத்தான் அவளுக்கே தெரிஞ்சுது. "ஆமாய்யா"ன்னா. அது வெளிய கேட்டுச்சோ இல்லையோ. "போய் அடுப்பைப் பாரு, அணைஞ்சுடப் போகுது"ன்னா.

அவன் ஓடிட்டான். இவ மெல்லப் பொரண்டு, ஜன்னல் பக்கமாத் தலையைத் தூக்கிப் பாத்தா. தெரு பூரா எல்லா வீட்லயும் வெளக்கு. எல்லாக் கூரையிலயும் பொகை. ஒருத்தர் தட்டைத் தூக்கிக்கிட்டு ஓடுறாரு, ஒருத்தி "மெதுவா வையி, தலை ஒடிஞ்சுடும்"னு கத்துறா, ஒரு வீட்ல புருஷனும் பொஞ்சாதியும் யாரு மொதல்ல முழிக்கிறதுன்னு சண்டை போடுறாங்க. அந்தச் சண்டையைக் கேட்டதும் செல்லக்கனிக்குச் சிரிப்பு வந்துச்சு. தலையைக் கம்பளியில வெச்சா. அவ்வளவுதான். கொர்ர்ர்...

மறுநா காலையில ஊர்ல ஒருத்தர் கண்ணும் வெள்ளையா இல்ல. எல்லாம் செவசெவன்னு செவந்து கெடக்கு. கொட்டாவி மேல கொட்டாவி. செடிக்கு இன்னும் என்ன பண்ணணும்னு கேக்கலாம்னு எல்லாருமாச் சேந்து செல்லக்கனி வீட்டுக்கு வந்தாங்க. ஆவுடையப்பன் முன்னாடி வந்து கதவைத் தட்டக் கையை ஓங்கினான். உள்ள இருந்து கொர்ர்ர்னு சத்தம் கேட்டுச்சு. ஓங்கின கையை அப்படியே எறக்கிட்டான். திரும்பி எல்லாரையும் பாத்து, வாயில விரலை வெச்சு, "உஷ்ஷ்ஷ்... தூங்குறாங்க"ன்னான்.

அப்புறம் அந்த ஊரே செருப்பைக் கழட்டிக் கையில எடுத்துக்கிட்டு, மெல்ல மெல்ல, பூனை நடையா நடந்து அந்தத் தெருவைத் தாண்டிப் போச்சு. பனித்தரையில வெறுங்காலோட. ஒருத்தருக்கும் கைராசின்னு ஒரு வார்த்தை வாயில வரல.

"செடி... பொழைச்சுதா பெரியம்மா?"

பொழைச்சுதுடி. ஆவுடையப்பன் மட்டும் தூக்கக் கலக்கத்துல ஒரு தக்காளியை மிதிச்சுட்டான். மிச்சமெல்லாம் பொழைச்சுது.

"அப்புறம்... செல்லக்கனி எப்ப எந்திரிச்சா?"

அவ எந்திரிக்கிறப்ப எந்திரிக்கட்டும். நமக்கென்ன அவசரம்? இன்னும் தூங்குறா. மெதுவாப் பேசு, முழிச்சுக்கப் போறா. காலை நீட்டிக்கோ. இடிக்கலல்ல? ம்... "ம்" சொல்லு.

"..."

ம் வரல. சரி. கதையும் கண்ணசந்துருச்சு, பெரியம்மாவும் சாஞ்சாச்சு. உஷ்ஷ்ஷ்... தூங்கு.